பிறைக்கு ஒரு லென்ஸ்

வானத்தைப் படம் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேமராவை வாங்கிவிடுகிறார்கள். கேமரா வெறும் பெட்டி, காரியமெல்லாம் லென்ஸில்தான் இருக்கிறது என்பது பிறகுதான் தெரியவருகிறது. எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. பெட்டியோடு சேர்த்துக் கொடுத்த சாதாரண லென்ஸை வைத்துக்கொண்டு உறவுக்காரர்களின் கல்யாணங்களையும் ஏற்காட்டு மூடுபனியையும் எடுத்துத் தீர்த்தேன். இரவு வானத்தை எடுத்தால் மட்டும் கரும்பலகையைச் சரியாகத் துடைக்காமல் விட்ட மாதிரி ஒரு படம் வரும். அதைக் கைப்பேசிக்கு ஏற்றி, இதுதான் வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டம் என்று என் மனைவியிடம் காட்டுவேன். அவள் முந்தானையால் கைப்பேசியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்ப்பாள்.

எங்களுக்குச் சேலத்தில் லாரித் தார்ப்பாய் வியாபாரம். புதியதும் விற்போம், பழையதை ஒட்டுப்போட்டும் தருவோம். கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடி. தெருவில் எங்கள் மாடிதான் உயரம், நாலு வீடு தள்ளிப் பள்ளிவாசல். கடையை ஆரம்பித்தவர் அத்தா, என் தகப்பனார். நான் பி.காம். படித்துவிட்டு, வேறு எங்கும் போக வழியில்லாமல், கல்லாவில் உட்கார்ந்தவன். உனக்கும் நட்சத்திரத்துக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்காத உறவினர் இல்லை.

சம்பந்தம் இருக்கிறது. பழைய தார்ப்பாயில் ஓட்டை பார்க்க எங்கள் கடையில் ஒரு வழி உண்டு. பின்கட்டில் வெயில் கொட்டுகிற இடத்தில் தார்ப்பாயைக் கயிற்றின்மேல் கூடாரம் மாதிரி போட்டு, ஓரங்களைத் தரையோடு மடித்துக் கல் வைத்துவிட்டு, ஓர் ஆள் உள்ளே நுழைந்துகொள்வார். வெளியே உச்சி வெயில், உள்ளே கும்மிருட்டு. எந்த இடத்தில் ஊசிமுனை அளவு வெளிச்சம் குத்துகிறதோ அந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட வேண்டும். பிறகு தையல்காரர் வட்டம் வட்டமாக ஒட்டுப்போட்டுக்கொண்டு போவார். உள்ளே போகிற ஆள் எப்போதும் அத்தாதான். சின்ன வயதில் அவர் கூட நுழைந்து அண்ணாந்து பார்த்ததுதான் நான் கண்ட முதல் நல்ல வானம். சேலத்தில் நிஜ வானம் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

இரண்டு லென்ஸ்கள் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று, பதினாலு மில்லிமீட்டர் அகல லென்ஸ். குட்டையாக இருக்கும், முன்கண்ணாடி குண்டாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதை மேலே பார்த்து வைத்தால் பெரும்பாலான வானம் உள்ளே வந்துவிடும். வாய் பெரிதாகத் திறப்பதால் கொஞ்ச நேரத்தில் நிறைய வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும், நட்சத்திரங்கள் நகர்ந்து கோடாக இழுபடுவதற்குள் படம் முடிந்துவிடும். பால்வீதியை எடுக்கிறவர்கள் எல்லோரிடமும் அதுதான் இருந்தது. மற்றது, அறுநூறு மில்லிமீட்டர் வரை நீளுகிற லென்ஸ். என் முழங்கை நீளம், கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்தால் தோள் பிடித்துக்கொள்ளும். பறவை எடுக்கிறவர்கள் வாங்குவது. இரவு வானத்தில் அதை வைத்து நிலாவைத் தவிர வேறு எதையும் உருப்படியாக எடுக்க முடியாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. ஒன்றைத்தான் வாங்கலாம் என்று வீட்டில் தீர்மானமாகியிருந்தது. யார் தீர்மானித்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து ரோட்டுப் பக்கம் கல்யாண போட்டோகிராபர்களுக்கு லென்ஸ் வாடகைக்கு விடும் கடை ஒன்று இருக்கிறது. விற்கவும் செய்வார்கள். கடைக்காரர் பேச ஆரம்பித்தால் வந்தவர் எதற்கு வந்தார் என்பதையே மறந்துவிடுவார். எனக்கு அகல லென்ஸ்தான் என்று அவர் முதல் நாளே முடிவு கட்டிவிட்டார். நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு ஒரு சாயங்காலம் கடை வாசலில் முக்காலியைப் போட்டு, நீள லென்ஸை மாட்டி, அரை நிலாவை நோக்கித் திருப்பினார். கேமராவின் முதுகில் இருக்கும் திரையில் நிலாவைப் பெரிதாக்கிக் காட்டினார். திரை முழுக்க வெள்ளை வெளேரென்று நிலா, குழிகளோடு. நான் வாயைப் பிளந்து நிற்கையில் டீ வந்தது. நாங்கள் டீயை வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினால் திரையில் ஒன்றுமே இல்லை, கறுப்பு.

“பாத்தீங்களா அண்ணா, போயிருச்சு,” என்றார். “பூமி சுத்துதில்ல. சின்ன லென்ஸ்ல வானம் நிக்கும், பெரிய லென்ஸ்ல ஓடும். கூடவே தள்ளிக்கிட்டே இருக்கணும். உங்களுக்கு எதுக்கு இந்தப் பொழப்பு?”

அகல லென்ஸை வாடகைக்கு எடுத்து ஒரு முறை சோதித்தும் பார்த்தேன். நாமக்கல்லுக்கு அந்தப் பக்கம் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் சோளக்காட்டில் நின்றேன். அந்தச் சமவெளியில் இருட்டைத் தேடுவது அவ்வளவு சுலபமில்லை. எந்தத் திசையில் திரும்பினாலும் கோழிப்பண்ணைக் கொட்டகைகளில் வரிசையாக விளக்கு எரிகிறது. கோழிகளுக்குப் பகல் நீளமாக இருந்தால்தான் முட்டை குறையாதாம். அதனால் அவற்றுக்குச் சூரியன் உதிக்கும் முன்னாலேயே விடிந்துவிடுகிறது. அடிவானம் நாலு பக்கமும் மஞ்சள் பூசிக்கொண்டு நின்றது. ஆனாலும் தலைக்கு மேலே கொஞ்சம் இருட்டு மிச்சமிருந்தது, அதில் பால்வீதியும் இருந்தது. படத்தைப் பார்த்த என் மனைவி முதல் முறையாகக் கண்ணாடியைத் துடைக்கவில்லை. மறுநாளே கடைக்காரரிடம் அகல லென்ஸ் ஒன்றை எனக்கென்று எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

அந்த வாரத்தில்தான் திருச்செங்கோட்டு லாரிக்காரர் வந்தார். சொந்த லாரி வைத்து ஜவ்வரிசி லோடு ஓட்டுகிறவர், எங்களோடு வெகுகாலப் பழக்கம். அத்தா மதியத் தூக்கத்துக்கு மேலே போயிருக்கிற நேரமாகப் பார்த்து வந்திருந்தார் என்பதே எனக்குப் பிறகுதான் உறைத்தது. தோளில் இருந்த தார்ப்பாய் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

“ஏனுங்க, தப்பா நெனைக்கக் கூடாது,” என்றார். “பெரியவரு பாத்துக் குடுத்ததுங்க இது. இத்தன வருசத்துல ஒரு சொட்டு எறங்குனதில்லீங்க. இப்ப வழியில மழ புடிச்சு மேல் வரிசை மூட்டையெல்லாம் நனஞ்சு போச்சுங்க. அவருகிட்டச் சொல்லாதீங்க. நீங்க ஒருக்கா பாத்துக் குடுங்க, நான் ஊட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாரேன்.”

அவர் போனதும் பின்கட்டில் தார்ப்பாயைக் கட்டி நானே உள்ளே நுழைந்தேன். அத்தா போட்ட சாக்பீஸ் வட்டங்களும் அவற்றின்மேல் போட்ட ஒட்டுகளும் இருந்தன. ஓட்டைகளும் இருந்தன. ஓட்டை இருந்த இடத்தில் வட்டம் இல்லை, வட்டம் இருந்த இடத்தில் தார்ப்பாய் முன்பும் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஒட்டு நல்ல துணிமேல் விழுந்திருந்தது. வெயிலில் அந்தக் கூடாரத்துக்குள் வேர்த்துக் கொட்டியது. எனக்குப் பயமாக இருந்தது.

கண் டாக்டர் அத்தாவின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து நெடுநேரம் பார்த்தார். சர்க்கரை வியாதி உள்ளே இருக்கும் திரையை அரித்துவிட்டது, பார்வையின் நடுப்பாகம் போய்விட்டது, ஓரம் மட்டும் கொஞ்சம் மிச்சம் என்றார். போனது போனதுதான், இனி போகாமல் பார்த்துக்கொள்ளலாம். எதிரில் நிற்கிறவரின் முகம் தெரியாது, தோள் தெரியும். பெரிதாகவும் வெளிச்சமாகவும் கிட்டத்திலும் இருந்தால் தலையைச் சாய்த்து ஓரக் கண்ணால் பிடித்துக்கொள்வார் என்றார். ஆட்டோவில் வரும்போது அத்தா, நோன்புக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது என்று கேட்டார். அவர் கேட்டது நோன்பைப் பற்றியல்ல, நோன்பு முடிகிற அன்றைய பிறையைப் பற்றி என்பது எனக்குத் தெரியும்.

இதைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். நோன்பின் இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் மேற்கே பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. வானம் எல்லோருக்கும் பொது என்றாலும், யாராவது தன் கண்ணால் பார்த்து, பார்த்தேன் என்று பொறுப்பாகச் சொல்ல வேண்டும். அது சாட்சி. இன்ன நேரத்தில் பிறை இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னால் போதாது, கேட்டேன் என்று சொன்னாலும் போதாது. மற்ற ஊர்களில் தெரிந்தால் மார்க்கத் தீர்ப்புச் சொல்கிற காஜி மூலமாகச் செய்தி வந்துவிடும்தான். ஆனால் எங்கள் தெருக்காரர்கள் தங்கள் மாடியில் தெரிந்த பிறகுதான் அரைப்படி பருப்பை ஊறப்போடுவார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் மாடியில் பார்த்துச் சொல்கிறவர் அத்தா. பெரியவர் இருக்கும்போது முந்திக்கொண்டு வாயைத் திறப்பது மரியாதை இல்லை என்று யாரோ ஒரு முறை சொல்லியிருக்கிறார்கள். அதுவே வழக்கமாகி, அவர் சொல்லும்வரை மாடியில் யாரும் மூச்சு விடமாட்டார்கள்.

போன வருடத்தை நினைத்துப் பார்த்தேன். அன்று யாரோ தண்ணீர்த் தொட்டிக்கு இடது பக்கம் என்று முணுமுணுத்தார்கள். கொஞ்சம் கழித்து அத்தா, ஆமாம், தெரிகிறது என்றார். அவர் பார்த்துச் சொன்னாரா, கேட்டுச் சொன்னாரா? தார்ப்பாயில் இல்லாத ஓட்டைக்கு வட்டம் போட்டவர் வானத்தில் மட்டும் சரியாகப் போட்டிருப்பாரா? இந்த வருடம் பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் கேட்கும்போது என்ன சொல்வார்? தெரிகிறது என்று சொல்லிவிட்டால் அது பொய்ச் சாட்சி. ஒரு தெருவே அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நோன்பை முடித்துக்கொள்ளும். தெரியவில்லை என்று சொன்னால், வாழ்நாளெல்லாம் அவருடையதாக இருந்த இடம் அந்த நிமிடத்தோடு போய்விடும். இதில் எதுவும் நடக்கக் கூடாது என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அதை நான் அத்தாவுக்காக நினைத்தேனா, கடையின் பெயர் கெடுமே என்ற கடைக்காரன் புத்தியில் நினைத்தேனா என்று தெரியவில்லை.

பெரிதாகவும் வெளிச்சமாகவும் கிட்டத்திலும் இருந்தால் தெரியும் என்றாரே டாக்டர். கேமராவின் திரையில் பிறை அப்படித்தானே இருக்கும்? முதலில் திரையில் பார்த்துவிட்டால் வானத்தில் எந்த இடம் என்று தெரிந்துவிடும், பிறகு ஓரக் கண்ணால் பிடித்துவிடுவார். நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன். லென்ஸ் கடைக்குப் போய், எடுத்து வைத்த அகல லென்ஸ் வேண்டாம், நீள லென்ஸைக் கொடுங்கள் என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பால்வீதியை விட்டுவிட்டுக் கொக்கு எடுக்கப் போகிறேனா என்று கேட்டார். காரணத்தை நான் சொல்லவில்லை. வீட்டில் மட்டும் சொன்னேன். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன், என் மனைவி செய்யவில்லை. பால்வீதி எங்கேயும் போய்விடாது, அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும் என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

பிறைக்கு முந்திய நாட்களில் அத்தாவை மாடிக்கு அழைத்துப்போய் ஒத்திகை பார்த்தேன். நோன்பு மாதம் பாதியைத் தாண்டுவதற்குள் ஒரு நாள் அரை நிலாவைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் குனிந்து, தலையை இடது பக்கம் சாய்த்து, கோழி பார்ப்பது போல ஒற்றைக் கண்ணால் பார்த்தார். வெள்ளையாக ஒன்று தெரிகிறது என்றார். எந்தப் பக்கம் வளைவு என்று கேட்டேன். சரியாகச் சொன்னார். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தில் லென்ஸின் பெருமையை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது எவ்வளவு எடை இருக்கும் என்று கேட்டார். தார்ப்பாய் வியாபாரிக்கு எதையும் தூக்கிப் பார்த்தால்தான் மனசு ஆறும். தூக்கிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, கனமாகத்தான் இருக்கிறது என்றார்.

இருபத்தொன்பதாம் நோன்பன்று சாயங்காலம் பங்குனி வெயில் இறங்கியும் மாடித் தளம் சுட்டது. பள்ளியில் நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, அந்தித் தொழுகையான மகரிப் தொழுதுவிட்டு ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். ஹஜ்ரத் வந்தார். எங்கள் பள்ளிக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகிறது, வயதில் என்னைவிட இளையவர், ஆனால் மார்க்க விஷயத்தில் எள்ளளவும் விட்டுக்கொடுக்கமாட்டார். அத்தா வழக்கமான இடத்தில், தண்ணீர்த் தொட்டியின் ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு மேற்கே பார்த்து நின்றார். கஞ்சமலைப் பக்கம் புழுதி கலந்த மங்கல். அதற்கு மேலே ஆரஞ்சும் சாம்பலுமாக வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. எல்லோரும் அவருக்குப் பின்னால் அரைவட்டமாக நின்றார்கள். நான் சற்று முன்னால் முக்காலியைப் போட்டு லென்ஸை மாட்டியிருந்தேன். கேமரா எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. என் கிறுக்கு தெரு அறிந்ததுதான்.

பிறை எங்கே இருக்கும் என்பதைக் கைப்பேசிச் செயலியில் பார்த்து வைத்திருந்தேன். லென்ஸை அங்குலம் அங்குலமாக நகர்த்தித் தேடினேன். முதலில் வெறும் மங்கல். பிறகு திரையின் ஓரத்தில் ஒரு கீற்று. நடுவுக்குக் கொண்டுவந்து, குவியத்தைத் திருகி, பெரிதாக்கினேன். பிறை. மெலிந்து, சாய்ந்து, லேசாக நடுங்கிக்கொண்டு திரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இருந்தது. திரும்பிப் போய் அத்தாவின் முழங்கையைப் பிடித்தேன். அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். காலால் தடவித் தடவி மெதுவாக வந்தார். கண்ணாடியைக் கழற்றி ஜிப்பாவில் துடைத்துப் போட்டுக்கொண்டார். குனிந்தார், தலையைச் சாய்த்தார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தெரியுதா அத்தா?” என்று காதோடு கேட்டேன்.

“தெரியுது தம்பி,” என்றார். “நல்லாத் தெரியுது.”

என் தோளைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். அப்போதுதான் நான் திரையைப் பார்த்தேன். அதில் பிறை இல்லை. சாம்பல் நிற வானம் மட்டும், கீறல்கூட இல்லாமல், துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. செருப்பைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, அவர் நடந்து வந்த நேரத்தில் பிறை நகர்ந்து வெளியே போய்விட்டது. டீ குடித்த நேரத்தில் நிலா போன மாதிரியேதான். பக்கத்தில் இருந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று லென்ஸ் கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

ஒன்றும் இல்லாத திரையைப் பார்த்து நல்லாத் தெரியுது என்கிறார் என்றால், ஒன்றும் தெரியாத வானத்தைப் பார்த்தும் அப்படியே சொல்லிவிடுவார். அதற்கு வழி பண்ணிக் கொடுத்தவன் நான். நான் மட்டும் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராமல் இருந்திருந்தால், அவர் தானாக ஏதாவது ஒரு முடிவுக்கு வந்திருப்பார். லென்ஸைத் திருப்பி மறுபடியும் பிறையைப் பிடிக்கலாமென்று கையை வைத்தேன். அதற்குள் ஹஜ்ரத் முன்னால் வந்துவிட்டார்.

“நீங்க பார்த்தீங்களா?” என்று அத்தாவிடம் கேட்டார். ஒவ்வொரு வருடமும் கேட்கிற அதே கேள்வி, அதே வார்த்தைகள்.

அத்தா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“போன வருசம் பார்த்தேனுங்க,” என்றார். “இந்த வருசம் எனக்குத் தெரியலீங்க. என் கண்ணு போயிருச்சு. வேற ஆளுகளைக் கேளுங்க.”

ஹஜ்ரத் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் எங்கள் தெருவின் மரியாதை எங்களை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று புரிந்தது. அங்கே இருந்த ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை. எத்தனையோ வருடமாக அவர்கள் இந்த மாடிக்கு ஏறி வந்து பார்த்துக்கொண்டிருந்தது அத்தாவின் முகத்தை. அவர் முகம் மலர்ந்தால் பிறை, இல்லையென்றால் இல்லை. போன வருடம் முணுமுணுத்த ஆள்கூட ஏதோ ஊகத்தில்தான் முணுமுணுத்தாராம், பிறகு ஒப்புக்கொண்டார். அத்தா அன்று தன் கண்ணால்தான் பார்த்திருக்கிறார், இன்று தெரியவில்லை என்று சொல்ல முடிந்தவர் அன்று பொய் சொல்லியிருக்கமாட்டார். இத்தனை நாள் சந்தேகப்பட்டதற்கு எனக்கு அவமானமாக இருந்தது.

“எல்லாரும் என்னையப் பாத்துட்டு நின்னா எப்படி? மேக்க பாருங்க,” என்றார் அத்தா. “நேரம் போகுது. எறங்கிரும்.”

ஹஜ்ரத் என்னிடம் வந்தார். கேமராவைப் பார்த்துவிட்டு, நான் பார்த்தேனா என்று கேட்டார். திரையில் பார்த்தேன் என்றேன். கண்ணால் பார்த்தீர்களா என்று மறுபடியும் கேட்டார். இல்லை. பிறையை இவ்வளவு பெரிதாகப் பார்த்தவன் அந்த மாடியில் நான் ஒருவன்தான், ஆனால் ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொன்னேன்.

அத்தா அருகில் வந்து லென்ஸின் முதுகைத் தடவிப் பார்த்தார், தார்ப்பாயின் ஓரத்தைத் தடவுகிற மாதிரி. அது எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் பார் என்றார். திரையிலிருந்து பிறை ஓடிப்போயிருந்தாலும் லென்ஸின் மூக்கு ஏறக்குறைய அந்தத் திசையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. முழங்காலை மடித்து, லென்ஸின்மேல் கன்னத்தை ஒட்டி, அதன் நீளத்துக்குப் பார்வையை ஓட்டினேன். மங்கல். இன்னும் மங்கல். கண்ணில் தண்ணீர் கட்டியது. துடைத்துவிட்டுப் பார்த்தேன். லென்ஸின் நுனிக்குச் சற்றுக் கீழே, வலது பக்கமாக, தார்ப்பாய் தைக்கிற வெள்ளை நூலில் ஓர் இழை பிரிந்து கிடக்கிற மாதிரி அது இருந்தது. ஒரு தடவை தெரிந்த பிறகு அதைத் தவிர வேறு ஒன்றுமே தெரியவில்லை.

பார்த்துவிட்டேன் என்றேன். ஹஜ்ரத் சும்மா விடவில்லை. எவ்வளவு உயரத்தில், முனைகள் எந்தப் பக்கம், மேகம் ஏதாவது மறைத்ததா என்று வரிசையாகக் கேட்டார், நான் சொன்னேன். அதற்குள் பின்னாலிருந்து இரண்டு மூன்று பேர், ஆமாம், அதோ என்றார்கள். இந்த முறை அவர்கள் கழுத்தை நீட்டி நிஜமாகவே மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார்கள். ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டார்கள். கீழே பெண்கள் மாடிப்படியில் ஏறி வருகிற சத்தம் கேட்டது. அத்தா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். பிறையைப் படம் எடுக்க வேண்டும் என்கிற நினைப்பே எனக்கு வரவில்லை. அந்த லென்ஸில் அன்று ஒரு படமும் எடுக்கவில்லை.

பெருநாள் தொழுகை முடிந்து வந்தவர்களிடமெல்லாம் அத்தா லென்ஸைப் பற்றித்தான் பேசினார். மகன் ஒன்று வாங்கியிருக்கிறான், பிறை அதில் தட்டு மாதிரி தெரிந்தது, ஆனால் கண்ணால் பார்க்காமல் சாட்சி சொல்லக் கூடாதில்லையா, அதனால்தான் சொல்லவில்லை என்றார். கேட்டவர்கள் அவருடைய நேர்மையையும் என்னுடைய லென்ஸையும் ஒருசேரப் பாராட்டிவிட்டுப் பாயசம் குடித்தார்கள். அத்தாவுக்கு நிஜமாகவே தெரிந்ததா என்று என் மனைவி தனியாகக் கேட்டாள். தெரிந்தது என்றேன்.

பெருநாள் கழிந்த பிறகு திருச்செங்கோட்டு லாரிக்காரர் ஒட்டுப்போடக் கொடுத்திருந்த இன்னொரு தார்ப்பாயை வாங்கிப்போக வந்தார். இதுவும் நான் உள்ளே நுழைந்து பார்த்து வட்டம் போட்டது. அத்தா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் அவர் அங்கே, நான் பின்கட்டில். பேச்சுவாக்கில் பிறை வந்தது. எப்படி இருந்தது என்று லாரிக்காரர் கேட்டார். அத்தா வலது கையைத் தூக்கி, ஆட்காட்டி விரலையும் கட்டை விரலையும் வளைத்து, இப்படிச் சாய்ந்து, இந்த முனை கொஞ்சம் மேலே, நடுவில் மட்டும் சற்றுத் தடிப்பு, ஓரத்தில் மயிரிழைதான் என்று காட்டினார். அன்று நான் வானத்தில் பார்த்த பிறை அச்சு அசலாக அப்படித்தான் இருந்தது. எத்தனையோ வருடத்துப் பிறைகளிலிருந்து அவர் அதை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

“அப்படீங்களா?” என்று லாரிக்காரர் என் பக்கம் திரும்பினார்.

“ஆமாங்க,” என்றேன். “அத்தா நல்லாப் பார்த்தாங்க.”

அத்தா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து என் குரல் வந்த திசையைப் பார்த்துச் சிரித்தார். ஊருக்கு முன்னால் சாட்சியாகச் சொல்லமாட்டேன் என்ற பொய்யை, நான் ஆசையாக வாங்கிய லென்ஸ் வீணாகிவிடக் கூடாதென்று, எனக்காக மட்டும் அவர் சொல்லியிருந்தார். அழுகை வந்தது. தார்ப்பாயை மடிக்கிற சாக்கில் பின்கட்டுக்குப் போய்விட்டேன். அன்று அந்தத் திரையில் ஒன்றுமே இல்லை என்பதற்கு நான் ஒருவன்தான் சாட்சி, அந்தச் சாட்சியை நான் சொல்லப் போவதில்லை.